வீட்டில் பீர் தயாரிக்கும் பாத்திரங்களின் துப்புரவும் கிருமிநீக்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலேயே பீர் தயாரிக்கப் புதிதாகத் தொடங்குபவர்கள் சில ஆண்டுகளாக என்னிடம் ஐயம் கேட்டு வருகிறார்கள். முளைகட்டி உலர்த்திய தானியமான மால்ட்டைப் பற்றியும், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸைப் பற்றியும் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் வந்த கேள்விகளில் பெரும்பகுதி பாத்திரம் கழுவுவதைப் பற்றியே இருந்தது. அவையும் திரும்பத் திரும்ப வரும் ஒரே கேள்விகள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். மால்ட்டை ஊறவைத்து வடித்தெடுத்த இனிப்புச் சாறு வோர்ட் எனப்படும். அதைக் காய்ச்சும் பாத்திரத்தைக் கொதிகலன் என்றும், ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைக்கும் பாத்திரத்தை நொதிகலன் என்றும் குறிப்பிடுகிறேன்.

1. கழுவுவதும் கிருமிநீக்குவதும் ஒன்றுதானே? ஒரே பாத்திரத்தை எதற்கு இரண்டு முறை பாடாய்ப் படுத்த வேண்டும்?

இரண்டும் வெவ்வேறு வேலைகள். கண்ணுக்குத் தெரிகிற, விரலுக்குத் தட்டுப்படுகிற எல்லாவற்றையும் அகற்றுவது கழுவுதல்: ஹாப்ஸ் பிசின், புரதப் படலம், காய்ந்த ஈஸ்ட் வண்டல் ஆகியவை இதில் அடங்கும். அவ்வாறு சுத்தமான பரப்பில் மிஞ்சியிருக்கும் நுண்ணுயிர்களை, நாம் சேர்க்கும் ஈஸ்ட்டோடு போட்டியிட முடியாத சிறு எண்ணிக்கைக்குக் குறைப்பது கிருமிநீக்கம். இந்த வரிசையை மாற்ற முடியாது. காய்ந்த அழுக்குப் படலத்தின் அடியில் இருக்கும் பாக்டீரியாவைச் சானிடைசர் எட்டுவதில்லை. அழுக்கின் மேல் ஊற்றிய சானிடைசர் அழுக்கின் மேல்தோலை மட்டுமே கிருமிநீக்கும்.

ஒரு நுண்ணுயிர்கூட, அதன் வித்துகூட எஞ்சாமல் அழிப்பது மூன்றாவது நிலை. அதற்கு 121 டிகிரி செல்சியஸ் நீராவியில், அழுத்தத்தின் கீழ், சுமார் 15 நிமிடம் வைக்க வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கு வேண்டிய அந்தத் தூய்மை நமக்குத் தேவையில்லை. போதுமான அளவு ஆரோக்கியமான ஈஸ்ட் சேர்ந்தால், அது ஆக்சிஜனையும் சர்க்கரையையும் விரைவாக எடுத்துக்கொண்டு, அமிலத்தன்மையைக் கூட்டி, ஆல்கஹாலையும் உண்டாக்கி, வந்து சேர்ந்த சில்லறை எதிரிகளை ஒடுக்கிவிடும். அந்தப் பந்தயத்தில் ஈஸ்ட்டுக்கு முன்னிலை கொடுப்பதற்காகத்தான் இத்தனை வேலையும்.

2. வீட்டில் இருக்கிற அத்தனை சாமான்களையும் சானிடைசரில் முக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. வோர்ட் கொதித்து முடியும் கணத்தை ஒரு எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு முன்னால் பயன்படும் மால்ட் ஊறவைக்கும் பாத்திரம், வடிகட்டி, கொதிகலன், கிளறும் கரண்டி ஆகியவை கழுவப்பட்டிருந்தால் போதும். ஒரு மணி நேரக் கொதிப்பு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். கோட்டுக்குப் பின்னால் வோர்ட்டையோ பீரையோ தொடுகிற ஒவ்வொன்றும் கிருமிநீக்கப்பட வேண்டும்.

இந்தப் பட்டியலில் நொதிகலனையும் சைஃபன் குழாயையும் யாரும் மறப்பதில்லை. மறந்துபோவன சிறியவை: ஈஸ்ட் பொட்டலத்தை வெட்டும் கத்தரிக்கோல், பொட்டலத்தின் வெளிப்புறம், வெப்பமானியின் முனை, அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் சோதனைக்கு மாதிரி எடுக்கும் குழல், நொதிகலன் மூடியின் ரப்பர் வளையம், கலக்கும்போது உள்ளே போகும் கை. ஹைட்ரோமீட்டரில் சோதித்த மாதிரியை மீண்டும் நொதிகலனில் ஊற்றாமல் குடித்துவிடுவதே நல்லது. பீர் எப்படி வளர்கிறது என்பதும் நாக்குக்குத் தெரியும்.

3. சரியாகச் செய்யாவிட்டால் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடுமா?

வழக்கமான பீரில் நோய் உண்டாக்கும் கிருமிகள் வளர்வது மிகக் கடினம். நொதித்த பீரின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 4 முதல் 4.5 வரை இருக்கும். ஆல்கஹாலும், ஹாப்ஸின் கசப்பு அமிலங்களும், கரைந்த கரியமில வாயுவும், ஆக்சிஜன் இல்லாத சூழலும் அதனுடன் சேர்ந்து அவற்றைத் தடுக்கின்றன. பீரைக் கெடுக்கும் லாக்டோபேசில்லஸ், பீடியோகாக்கஸ், அசிட்டோபேக்டர், காட்டு ஈஸ்ட் ஆகியவை சுவையைத்தான் பாழாக்கும். ஆல்கஹால் நீக்கிய அல்லது மிகக் குறைவான பீருக்கு இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடையாது. அதற்கு வேறு கட்டுப்பாடுகள் தேவை.

உண்மையான ஆபத்து நொதிக்காத வோர்ட்டில் இருக்கிறது. அதன் பி.எச். 5-க்குச் சற்று மேலே இருக்கும். பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிப்பைத் தாங்கக்கூடியவை, பி.எச். 4.6-க்கு மேல், காற்றுப் புகாத மூடிய சீசாவில், அறை வெப்பத்தில் அவை முளைத்து வளர முடியும். ஆகவே ஈஸ்ட் வளர்ப்பதற்காக வோர்ட்டைக் கொதிக்க வைத்து, மூடி, அலமாரியில் வாரக்கணக்கில் வைக்கும் பழக்கத்தைக் கைவிடுங்கள். அழுத்தக் கலனில் பதப்படுத்துங்கள், அல்லது உறைய வையுங்கள், அல்லது தேவைப்படும் அன்றே காய்ச்சிக்கொள்ளுங்கள்.

4. பாத்திரம் தேய்க்கும் சோப்பு நுரைக்க நுரைக்கக் கழுவுகிறேனே, அது போதாதா?

கொதிகலனுக்குப் போதும், நன்றாக அலசினால். நொதிகலனுக்கும் பாட்டில்களுக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. வாசனை சேர்த்த சோப்பு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு போக மறுக்கும்; எஞ்சிய சோப்புப் படலம் பீரின் நுரையைக் குலைக்கும். கையில் வேறெதுவும் இல்லையென்றால் வாசனையற்ற சோப்பைச் சிறிதளவு பயன்படுத்தி, வழுவழுப்பு போகும்வரை வெந்நீரில் அலசுங்கள்.

5. பெர்கார்பனேட் என்கிறார்களே, அது என்ன? எவ்வளவு போட வேண்டும்?

சோடியம் பெர்கார்பனேட் என்பது நீரில் கரையும்போது சோடியம் கார்பனேட்டாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும் வெண்மையான தூள். கார்பனேட்டின் காரத்தன்மை புரதத்தையும் பிசினையும் இளக்குகிறது. பெராக்சைடிலிருந்து வெளியேறும் ஆக்சிஜன் குமிழ்கள் அவற்றைப் பரப்பிலிருந்து கிளப்பிவிடுகின்றன. பி.பி.டபிள்யூ. என்ற பெயரில் விற்கப்படும் புகழ்பெற்ற துப்புரவுத்தூளிலும் பெர்கார்பனேட் இருக்கிறது. அதனுடன் சோடியம் மெட்டாசிலிகேட் முதலியவையும் சேர்ந்திருப்பதால் அலசும்போது எளிதாகப் போய்விடுகிறது.

ஒரு லிட்டர் நீருக்கு 5 முதல் 10 கிராம் வரை போதும். நீர் 50 முதல் 60 டிகிரி சூட்டில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். நொதிகலனின் கழுத்தில் ஈஸ்ட் நுரை காய்ந்து உண்டாக்கிய பழுப்பு வளையத்தைத் தேய்த்து மல்லுக்கட்டாமல், வளையம் மூழ்கும்வரை கரைசலை நிரப்பி இரவு முழுவதும் விட்டுவிட்டால், காலையில் பெரும்பாலும் தானாகவே கழன்று மிதக்கும். பொறுமைதான் இங்கே தேய்ப்பான். பிறகு அலசுவதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

இரண்டு எச்சரிக்கைகள். கரைசலைத் திருகு மூடியுள்ள பாட்டிலில் அடைத்து வைக்காதீர்கள். ஆக்சிஜன் வெளியேறி அழுத்தம் கூடிக்கொண்டே போகும். கலந்த கரைசலின் வீரியம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும் என்பதால், அதைச் சேமித்து வைப்பதிலும் பயனில்லை. கடின நீரில் ஊறவைத்த கண்ணாடியில் வெள்ளைப் பூச்சு படிந்தால் அது சுண்ணப் படிவு. சிட்ரிக் அமிலக் கரைசலோ வெள்ளை வினிகரோ ஊற்றினால் கரைந்துவிடும்.

6. சானிடைசர்களில் எது நல்லது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

அலசத் தேவையில்லாத இரண்டு வகைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. ஒன்று அமில வகை. ஸ்டார் சான் என்ற பெயரில் பரவலாக அறியப்படுவது இதுதான். பாஸ்பாரிக் அமிலமும் டோடெசில்பென்சீன்சல்ஃபோனிக் அமிலமும் சேர்ந்தது. லிட்டருக்குச் சுமார் 1.6 மில்லிலிட்டர் கலந்து, பரப்பு ஓரிரு நிமிடம் ஈரமாக இருந்தால் போதும். நிறமோ மணமோ இல்லை. நீர்த்த பிறகு கைக்குப் பெரிய தீங்கில்லை; ஆனால் நீர்க்காத திரவம் தோலைப் புண்ணாக்கும், கல் மேடைகளில் தழும்பு விடும்.

மற்றொன்று அயோடோஃபோர் எனப்படும் அயோடின் கரைசல். நீரில் 12.5 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 12.5 பங்கு) அளவு அயோடின் இருக்கும்படி கலந்து இரண்டு நிமிடம் ஊறவைக்க வேண்டும். போத்தலில் குறித்துள்ள அயோடின் அளவு 1.6 விழுக்காடாக இருந்தால், 19 லிட்டருக்கு 15 மில்லிலிட்டர் என்பது அந்தச் செறிவைத் தரும். தேநீர் நிறம் மங்கினால் வீரியம் போய்விட்டது என்று கண்ணாலேயே அறியலாம் என்பது இதன் சிறப்பு. பிளாஸ்டிக்கையும் துணியையும் கறையாக்குவது இதன் குறை.

இரண்டையும் வாங்கி வைத்திருப்பவன் என்ற முறையில், ஸ்பிரே பாட்டிலில் எப்போதும் அமில வகையையே வைத்திருக்கிறேன். ஆனால் எதைத் தேர்ந்தாலும் முடிவில் பெரிய வேறுபாடு இராது. சானிடைசரின் பெயரைப் பற்றி விவாதிக்கும் நேரத்தில் பாதியைக் குழாய்களின் உட்புறத்தைப் பார்ப்பதில் செலவிட்டால் பீர் பிழைக்கும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: காரத் துப்புரவுத்தூளை அரைகுறையாக அலசிவிட்டு அமிலச் சானிடைசரை ஊற்றினால், எஞ்சிய காரம் அமிலத்தை முறித்துவிடும். முதல் கேள்வியின் பதிலில் சொன்ன வரிசைக்கு இடையே நல்ல அலசல் ஒன்றும் உண்டு.

7. உள்ளே நுரை நிறைய நிற்கிறதே, அதன் மேலேயே வோர்ட்டை ஊற்றச் சொல்கிறீர்களா?

ஆம், அமில வகையானால். பொருத்தமான அளவில் கலந்திருந்தால், வடிந்த பிறகு எஞ்சும் நுரையில் இருக்கும் அமிலம் இருபது லிட்டர் வோர்ட்டில் கரைந்து சுவைக்கே தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நுரையும் சானிடைசர்தான். கழுத்துப் பகுதியையும் மூடியின் உட்புறத்தையும் அது ஈரமாகவே வைத்திருக்கிறது. அதைக் குழாய் நீரில் அலசினால், கிருமிநீக்கிய பரப்பில் கிருமிநீக்காத நீரை ஊற்றுகிறீர்கள். நுரையை விட்டுவிடலாம், ஆனால் அடியில் கரைசல் குளமாகத் தேங்கியிருந்தால் கவிழ்த்து வடித்துவிடுங்கள்.

8. வீட்டில் ப்ளீச் இருக்கிறது. செலவில்லாமல் அதையே பயன்படுத்தினால் என்ன?

கிருமிகளைக் கொல்வதில் ப்ளீச் எதற்கும் சளைத்ததன்று. வாசனையற்ற சாதாரண ப்ளீச்சை லிட்டருக்கு 4 மில்லிலிட்டர் வீதம் குளிர்ந்த நீரில் கலந்து 20 நிமிடம் ஊறவைத்தால் போதும். சிக்கல் பிறகுதான் தொடங்குகிறது. எஞ்சிய குளோரின் மால்ட்டிலும் ஈஸ்ட்டிலும் உள்ள பீனால்களோடு சேர்ந்து குளோரோபீனால் ஆகும்; மிகச் சிறு அளவிலேயே அது மருந்துக் கட்டு மணத்தைப் பீருக்குக் கொடுத்துவிடும், போகவும் போகாது. ஆகவே அலச வேண்டும். அலசும் நீரும் கொதிக்க வைத்து ஆறியதாக இருக்க வேண்டும். இவ்வளவு பாடு பட்ட பிறகு மிச்சம் பிடித்தது என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துருப்பிடிக்காத எஃகைக் குளோரின் புள்ளிப் புள்ளியாக அரிக்கும். எஃகுப் பாத்திரத்தில் ப்ளீச்சை ஊறவிடவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ப்ளீச்சை எந்த அமிலத்தோடும் கலக்காதீர்கள். வினிகரானாலும், ஆறாம் கேள்வியில் சொன்ன அமிலச் சானிடைசரானாலும், நச்சுக் குளோரின் வாயு வெளியேறும். அம்மோனியா உள்ள துப்புரவுப் பொருளும் அவ்வாறே ஆபத்தானது.

9. ரசாயனமே வேண்டாம் என்று நினைக்கிறேன். வெறும் கொதிநீர் போதாதா?

சூடு மிக நல்ல கிருமிநீக்கி. சானிடைசர் நுழையாத இடுக்கிலும் அது நுழையும். கொதிநீரில் பத்து நிமிடம் கிடக்கும் எஃகு உறுப்போ சிலிகான் குழாயோ அதற்கு மேல் எதையும் வேண்டாது. ஆனால் எல்லாப் பொருளும் சூட்டைத் தாங்காது. பெட் வகைப் பிளாஸ்டிக் 60 டிகிரிக்கு மேல் சுருங்கி உருக்குலையும். பெரிய கண்ணாடிக் குடுவையில் கொதிநீரை ஊற்றினால் விரிசல் விடக்கூடும். இருபது லிட்டர் குடுவை கையில் உடைவது விளையாட்டில்லை.

கண்ணாடிப் பாட்டில்களை ஓவனில் சுடுவதும் ஒரு வழி. குளிர்ந்த ஓவனில் வைத்து, மெல்லச் சூடேற்றி, 170 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். வாயை அலுமினியத் தாளால் மூடி வைத்தால், ஆறிய பிறகும் தேவைப்படும் நாள்வரை உட்புறம் சுத்தமாகவே இருக்கும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தை நம்புகிறவர்களும் உண்டு. அதன் நீர்த்தாரை பாட்டிலின் குறுகிய கழுத்துக்குள் போவதில்லை என்பதால் அது கழுவாது. சுடச்சுட உலர்த்தும் சுற்று, முன்பே கழுவிய பாட்டிலைக் கிருமிநீக்க மட்டும் உதவலாம். அந்த இயந்திரத்தில் ஊற்றும் பளபளப்புத் திரவம் பீரின் நுரைக்குப் பகை.

10. கலந்து வைத்த சானிடைசரை அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளலாமா? பால்போல் கலங்கிவிட்டது.

அமில வகையை வைத்துக்கொள்ளலாம். கலங்கல் கடின நீரால் வருவது. அது மட்டுமே கெட்டதற்கு அடையாளம் ஆகாது. பி.எச். 3 அல்லது அதற்குக் கீழே இருக்கிறதா என்று சோதனைத் தாளால் பாருங்கள், இருந்தால் பயன்படும். காய்ச்சி வடித்த நீரில் கலந்து மூடி வைத்தால் பல வாரங்கள் தெளிவாகவே நிற்கும். அழுக்கும் ஈஸ்ட் வண்டலும் விழுந்த கரைசலைக் கொட்டிவிடுங்கள். அயோடின் கரைசலை அன்றன்றே கலந்துகொள்வது நல்லது.

11. பிளாஸ்டிக் நொதிகலனில் கீறல் விழுந்துவிட்டது. தூக்கிப் போட வேண்டுமா?

நகத்தில் தட்டுப்படாத மெல்லிய கோடுகளுக்காகத் தூக்கிப் போட வேண்டாம். நகம் மாட்டுகிற ஆழமான கீறல் வேறு: அதற்குள் படியும் புரதம் துணிக்கு எட்டாது, நுண்ணுயிர்கள் அதில் படலம் கட்டிக் குடியேறிவிடும். அப்படிப்பட்ட வாளியை மால்ட் அள்ளவோ பாட்டில் ஊறவைக்கவோ மாற்றிவிட்டுப் புதிது வாங்குங்கள். இனியாவது கம்பி நாரையும் சொரசொரப்பான தேய்ப்பானையும் விலக்கி, மென்மையான துணியையும் ஊறலையும் நம்புங்கள். முந்தைய பீரின் மணம் மட்டும் எஞ்சியிருப்பது தொற்று ஆகாது. மூடியைத் திறந்து காற்றாட வைத்தால் குறையும்.

12. அடியில் குழாய்த் திறப்பான் உள்ள நொதிகலன் வாங்கியிருக்கிறேன். திறப்பானைத் திறந்து சானிடைசரை ஓடவிட்டால் சுத்தமாகிவிடும் அல்லவா?

ஆகாது. இந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதியிருப்பேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய மூன்று பீர்கள் அடுத்தடுத்துப் புளித்தன. நொதிகலனைப் பளிங்குபோல் கழுவியிருந்தேன், சானிடைசரை மாற்றினேன், ஈஸ்ட்டைக் குறை சொன்னேன். கடைசியில் ஒரு மாலை சலிப்போடு திறப்பானைக் கழற்றி, அதன் சுழலும் நடுப்பகுதியை அழுத்தித் தள்ளியபோது, பழுப்பும் பச்சையுமாக ஒரு களிம்பு விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நான் ஓடவிட்ட சானிடைசர் முழுவதும் அந்தக் களிம்பைத் தொடாமல் நடுத் துளை வழியாக ஒழுங்காக வெளியேறியிருக்கிறது.

திறந்த நிலையில் நடுத் துளை கழுவப்படும். மூடியபோது திரவம் தங்குகிற பக்கச் சந்து கழுவப்படாது. ஆகவே ஒவ்வொரு முறையும் திறப்பானை நொதிகலனிலிருந்து கழற்றுங்கள், நடுப்பகுதியைப் பிரியுங்கள், ரப்பர் வளையத்தை உருவி அதன் பள்ளத்தைத் துடையுங்கள். உலோகப் பந்து வால்வையும் இவ்வாறே பிரிக்க வேண்டும். பிரிக்க முடியாததைக் கொதிநீரில் போட்டு, நீருக்குள்ளேயே சிலமுறை திறந்து மூடுங்கள். பீர் எடுப்பதற்கு முன்னும் பின்னும் வெளி வாயில் சானிடைசரைப் பீய்ச்சுங்கள். உள்ளே தங்கிய சில துளிப் பீர் காற்றோடு கலந்து புளிக்கத் தொடங்கும் இடம் அது.

13. வோர்ட்டைக் குளிர்விக்கும் செம்புச் சுருளை எப்படிக் கிருமிநீக்குவது?

கொதிப்பு முடிய 10 முதல் 15 நிமிடம் இருக்கும்போது அலசிய சுருளை வோர்ட்டுக்குள் இறக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. எடுத்தவுடன், காய்வதற்கு முன்பே, நீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். மங்கிய செம்பைப் பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை. பச்சைக் களிம்பு பூத்திருந்தால் மட்டும் வினிகரில் நனைத்துத் துடைத்து அலசுங்கள்.

வோர்ட் உள்ளே ஓடும் தகட்டுக் குளிர்விப்பான் வேறு சங்கதி. அதன் உட்புறத்தை ஒருபோதும் கண்ணால் பார்க்க முடியாது. பயன்படுத்தியவுடன் எதிர்த்திசையில் நீரைச் செலுத்தி ஹாப்ஸ் துணுக்குகளை வெளியேற்ற வேண்டும். சூடான துப்புரவுக் கரைசலைச் சுழலவிட்டு அலச வேண்டும். அடுத்த முறை கொதிக்கும் வோர்ட்டையே பத்து நிமிடம் அதனுள் ஓடவிட வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லாதவர்கள் சுருளோடு இருப்பதே மேல்.

14. பயன்படுத்திய பழைய பாட்டில்கள் நிறைய இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தேய்க்க வேண்டுமா?

பீரை ஊற்றிய உடனே மூன்று முறை நீர் விட்டுக் குலுக்கிக் கவிழ்த்து வைத்த பாட்டிலைத் தேய்க்க வேண்டாம். அடியில் வண்டல் காய்ந்துபோன பாட்டிலை ஐந்தாம் கேள்வியில் சொன்ன கரைசலில் இரவு முழுவதும் ஊறவைத்து, பாட்டில் தூரிகையால் ஒருமுறை சுழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். லேபிளும் அதே ஊறலில் உரிந்துவிடும். பூஞ்சை காய்ந்து வட்டமாகப் படிந்த பாட்டிலை நான் தூர எறிந்துவிடுவேன்.

கிருமிநீக்கத்தைப் பாட்டிலில் அடைக்கும் அன்றே செய்யுங்கள். வடியவைக்கும் தாங்கியின் முனைகளையும் சேர்த்து நனையுங்கள். மூடிகளைச் சானிடைசரில் சில நிமிடம் போட்டு வைத்தால் போதும். கொதிக்க வைத்தால் உட்புற வளையம் கெட்டுவிடலாம்.

15. கெக்கில் (வாயு அழுத்தத்தில் பீரை வைக்கும் உலோகக் கலனில்) அடைக்கிறேன். பீர் தீர்ந்ததும் வெந்நீர் விட்டுக் குலுக்கினால் போதாதா?

ஒரே வகைப் பீரை உடனுக்குடன் நிரப்பினால் ஓரிரு முறை சமாளிக்கலாம்; பழக்கமாக்க வேண்டாம். முதலில் வாயு அழுத்தம் முழுவதையும் வெளியேற்றுங்கள், பிறகு திறங்கள். இந்த வரிசையில் மறதிக்கு இடமில்லை. வாயு நுழையும் முனையையும் பீர் வெளியேறும் முனையையும் கழற்றி, நீண்ட உட்குழாயை உருவி, மெல்லிய தூரிகையால் உட்புறத்தைத் துடைக்க வேண்டும். ரப்பர் வளையங்கள் மணத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றை அவ்வப்போது மாற்றிவிடுங்கள்.

கடுங்காரமான சோடியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்துவோர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அது கரியமில வாயுவை உறிஞ்சிக் கார்பனேட் ஆகிவிடும். வாயு நிறைந்த மூடிய கலனில் அதை ஊற்றினால், காரமும் வீணாகும், உள்ளே வெற்றிடம் உண்டாகி மெல்லிய சுவருள்ள கலன் நசுங்கவும் கூடும். காற்றோட்டத்துக்குத் திறந்து வைத்த பிறகே அதை ஊற்ற வேண்டும், கையுறையும் கண்ணாடியும் அணிந்து.

பீர் வரும் மெல்லிய குழாய் தனிக் கவனம் கேட்கும். பீர் விற்பனை செய்யும் இடங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கார வகைத் துப்புரவு செய்யுமாறு அமெரிக்காவின் பிரூவர்ஸ் அசோசியேஷன் பரிந்துரைக்கிறது. வீட்டில் ஒவ்வொரு கெக் மாற்றத்தின்போதும் செய்தால் போதுமென்பது என் அனுபவம். குழாய் வாயின் நுனியை இடையிடையே நுகர்ந்து பாருங்கள். புளித்த வாடை வந்தால் கணக்குப் பார்க்க வேண்டாம், கழுவிவிடுங்கள்.

16. எஃகுப் பாத்திரத்தின் உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாக ஏதோ படிந்திருக்கிறது. எந்தத் தூளுக்கும் போகவில்லையே?

அது பீர்க்கல்லாக இருக்கலாம். நீரிலுள்ள கால்சியமும் மால்ட்டிலிருந்து வரும் ஆக்சாலிக் அமிலமும் சேர்ந்த கால்சியம் ஆக்சலேட் அது. புரதத்தையும் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். காரத் தூள் மட்டும் அதைக் கரைக்காது. முதலில் காரத்தால் புரதத்தை இளக்கி, அலசி, பிறகு பாஸ்பாரிக் அமிலம் கொண்ட அமிலத் துப்புரவுத் திரவத்தில் ஊறவைத்தால் போகும். கல்லின் நுண்துளைகள் நுண்ணுயிர்களுக்குப் புகலிடம் என்பதால் இதைச் சும்மா விடக்கூடாது.

எஃகின் காவல் அதன் மேலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம்தான். இரும்புக் கம்பி நாரால் தேய்த்தால் படலமும் கெடும், இரும்புத் துகள் ஒட்டித் துருவும் பிடிக்கும். அலுமினியக் கொதிகலனின் சாம்பல் நிறப் படலமும் அதற்குக் காவல்தான், அதைச் சுரண்ட வேண்டாம். அலுமினியத்தில் கடுங்காரத்தை ஊற்றவே கூடாது; உலோகமே கரைந்து ஹைட்ரஜன் வெளியேறும்.

17. நொதித்தலின் நடுவே ஹாப்ஸும் பழமும் சேர்க்கிறோமே, அவற்றை எப்படிக் கிருமிநீக்குவது?

ஹாப்ஸுக்கு எதுவும் தேவையில்லை. அதில் நுண்ணுயிர்கள் இல்லாமலில்லை. ஆனால் ஹாப்ஸின் அமிலங்களும், அதற்குள் உருவாகிவிட்ட ஆல்கஹாலும் அவற்றை அடக்கி வைக்கும். ஹாப்ஸைக் கட்டிப் போடும் துணிப் பையையும் எடைக்கல்லையும் மட்டும் கொதிக்க வையுங்கள். பழத்தின் தோலில் காட்டு ஈஸ்ட் இயல்பாகவே இருக்கும். உறைய வைப்பது பழத்தின் செல்களை உடைத்துச் சாற்றை வெளிவிட உதவுமே தவிர, நுண்ணுயிர்களைக் கொல்லும் என்று நம்ப முடியாது. கூழாக்கி 70 டிகிரிக்கு மேல் பதினைந்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்துச் சேர்க்கலாம். பழத்தின் புதுமணம் சற்றுக் குறைவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

18. பீரின் மேல் வெள்ளையாக ஏதோ மிதக்கிறது. கெட்டுவிட்டதா?

முதல் வாரமென்றால் பெரும்பாலும் இல்லை. நொதித்தல் மும்முரமாக இருக்கும்போது பழுப்பும் வெள்ளையுமான நுரைத் திட்டுகளும், பிறகு ஈஸ்ட் தீவுகளும் மிதப்பது இயல்பு. நொதித்தல் அடங்கிச் சில வாரங்கள் கழித்து, உலர்ந்த தாள்போல் மேற்பரப்பு முழுவதும் படர்ந்து, உள்ளே பெரிய குமிழ்களைச் சிறைப்பிடித்திருக்கும் வெண்ணிற ஏடு தோன்றினால் அது தொற்று. ஊற்றும்போது பீர் எண்ணெய்போல் இழைந்தால் பீடியோகாக்கஸையும், வினிகர் வாடை வந்தால் அசிட்டோபேக்டரையும் ஐயுறலாம். பின்னதற்குக் காற்று வேண்டும் என்பதால் மூடியின் இறுக்கத்தையும் சோதியுங்கள். பஞ்சுபோல் மயிர் முளைத்து நிறம் பூத்திருந்தால் பூஞ்சை, கொட்டிவிடுங்கள்.

தொற்று என்று தெரிந்தும், அதிகம் கெடுவதற்குள் பாட்டிலில் அடைத்துவிடலாம் என்று சிலர் அவசரப்படுகிறார்கள். நம் ஈஸ்ட் விட்டுவைத்த சர்க்கரையைக் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தின்னும். பாட்டிலுக்குள் வாயு கூடிக்கொண்டே போய்க் கண்ணாடி வெடிக்கக்கூடும். அடைக்காதீர்கள்.

19. நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் செய்தும் ஒவ்வொரு முறையும் புளிக்கிறது. எங்கே தவறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊகிப்பதை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். கொதிநீரில் கிருமிநீக்கிய மூன்று சிறு கண்ணாடிச் சீசாக்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கொதிகலனிலிருந்து நேரே, இரண்டாவதில் குளிர்விப்பானைத் தாண்டியதும், மூன்றாவதில் நொதிகலனிலிருந்து ஈஸ்ட் சேர்க்கும் முன்பு, சிறிது வோர்ட்டைப் பிடித்துத் தளர்வாக மூடி 25 முதல் 30 டிகிரி சூட்டில் வையுங்கள். மூன்று நாளைக்குள் எது கலங்கிக் குமிழ் விடுகிறதோ, அந்த இடத்துக்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவேதான் குற்றவாளி இருக்கிறது. பார்த்து முடித்ததும் சீசாக்களில் உள்ளதைச் சுவைக்காமல் கொட்டிவிடுங்கள். காரணத்தை மூன்றாம் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

மூன்று சீசாவும் தெளிவாக நின்றால் நொதிகலன்வரை உங்கள் கழுவலில் குறையில்லை. சந்தேகம் ஈஸ்ட்டின் மேலும், நொதித்த பிறகு பயன்படும் குழாய், திறப்பான், பாட்டில்கள் மேலும் திரும்ப வேண்டும். ஒரே ஒரு பாட்டில் மட்டும் பொங்கினால் அந்தப் பாட்டிலின் அழுக்கு. எல்லாப் பாட்டிலும் பொங்கினால் பாட்டிலுக்கு முந்தைய ஏதோ ஒன்று.

முந்தைய பீரின் அடியில் தங்கிய ஈஸ்ட்டையே மீண்டும் மீண்டும் எடுத்துப் பயன்படுத்துவோர், ஒவ்வொரு முறையும் அதனுடன் தொற்றையும் சேர்த்தே வளர்க்கிறார்கள். பெரிய ஆலைகளும் இதில் மாட்டிக்கொண்டதுண்டு. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பர்க் ஆலையின் பீர் கெட்டபோது, அங்கே பணிபுரிந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் அதன் காரணத்தைக் காட்டு ஈஸ்ட்டில் கண்டார். ஒற்றைச் செல்லிலிருந்து தூய ஈஸ்ட்டை வளர்த்தெடுத்தார். 1883-இல் அந்த ஆலை தூய ஈஸ்ட்டுக்கு மாறியது. பாத்திரம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஊற்றும் ஈஸ்ட்டே கலப்படமென்றால் கழுவலால் ஆவதொன்றுமில்லை. ஒரு முறை புதிய பொட்டலத்தைப் பயன்படுத்திப் பாருங்கள்.

20. புளிப்பு பீரும் கொம்புச்சா என்ற புளித்த தேநீரும் செய்ய ஆசை. அதே பாத்திரங்களைப் பயன்படுத்தலாமா?

கண்ணாடியையும் எஃகையும் பயன்படுத்தலாம். அவற்றின் பரப்பு வழவழப்பானது. பிரித்துக் கழுவி, கிருமிநீக்கினால் பிரெட்டனோமைசஸ் என்ற காட்டு ஈஸ்ட்டும் லாக்டோபேசில்லஸும் மற்ற எதையும் போலவே சாகும். அவற்றுக்குத் தனி வல்லமை ஏதுமில்லை. பிளாஸ்டிக் வாளி, வினைல் குழாய், திறப்பான், ரப்பர் வளையம், பாட்டில் நிரப்பும் குழல் ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பதினொன்றாம், பன்னிரண்டாம் கேள்விகளில் சொன்ன கீறலும் சந்தும் இங்கே இரட்டிப்பு ஆபத்து. எஞ்சிய மாவுச் சர்க்கரைகளைக் கூட விடாமல் தின்னும் டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட்டைப் பயன்படுத்துவோருக்கும் இதே அறிவுரைதான்; அதில் ஒரு துளி வேறொரு பாட்டிலுக்குப் போனால், மாதங்கள் கழித்து அந்தப் பாட்டில் பொங்கும்.

என் வீட்டில் புளிப்புக்கான குழாய்களின் இரு முனையிலும் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன். ஈரமான குழாய்கள் ஒரே கொடியில் தொங்கும்போது எது எது என்று கண்ணால் சொல்ல முடியாது; ஒருமுறை மாற்றி எடுத்த பிறகுதான் அந்த நாடாவைச் சுற்றினேன்.